கண்ணில் கோளாறு இல்லை என்றால் வேறு எங்கே?

கண் மருத்துவமனைக்குப் போனால் அரை நாள் போய்விடும். முதலில் எழுத்துப் பலகை, பிறகு காற்றை ஊதிக் கண் அழுத்தம் பார்க்கும் கருவி, அப்புறம் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட காத்திருப்பு. கடைசியில் மருத்துவர் விளக்கை அணைத்து உள்ளே பார்த்துவிட்டு, "கண்ணில் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார். வந்தவர் நிம்மதியாக எழுந்து வருகிறார். பஸ் நிறுத்தம் வரைதான் அந்த நிம்மதி. கண் நன்றாக இருக்கிறது என்றால், நேற்று மாலை எதிரே நின்றவரின் முகத்தில் பாதி காணாமற்போனது எப்படி?

"கண்ணில் ஒன்றுமில்லை" என்ற வரியைப் பலர் முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சில மருத்துவர்களும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதி விடை. மீதிப் பாதியை கண்ணுக்குப் பின்னால் தேட வேண்டும்.

விழித்திரையிலிருந்து கிளம்பும் பார்வை நரம்பு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 12 லட்சம் இழைகள் இருக்கின்றன. தனித்தனி எலும்புத் துவாரங்களின் வழியே மண்டைக்குள் நுழையும் இரண்டு நரம்புகளும், மூளையின் அடியில் ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே ஒன்றுகூடுகின்றன. அங்கே இழைகளில் பாதிக்கும் சற்று அதிகமானவை எதிர்ப்பக்கம் தாண்டிப் போகின்றன; மற்றவை தத்தம் பக்கத்திலேயே தொடர்கின்றன. அந்தக் கூட்டுச் சாலைக்கு அப்பால் "இடது கண்", "வலது கண்" என்ற கணக்கே கிடையாது. இரண்டு கண்களும் பார்த்த இடப்பக்கக் காட்சி வலது மூளைக்கும், வலப்பக்கக் காட்சி இடது மூளைக்கும் போய்ச் சேர்கின்றன. போய்ச் சேரும் இடம் மண்டையின் பின்கோடி, பிடரிக்கு மேலே. பின்மண்டையில் பலமாக அடிபட்டால் கண்ணில் பூச்சி பறக்கிறது என்று நாம் சொல்வது வெறும் பேச்சு இல்லை. அடி விழுவது பார்வை மையத்துக்கு நேர் மேலே.

இந்த நெடும்பாதையில் முதல் ஓர் அங்குலம் மட்டுமே கண் மருத்துவரின் கருவிகளுக்கு நேரடியாகத் தெரியும். மீதியை நோயாளியின் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். நாம் சொல்வது பெரும்பாலும் தப்பாக இருக்கும்.

"இடது கண் தெரியவில்லை" என்று வருபவர்களில் ஒரு பகுதியினருக்கு இடது கண்ணில் எந்தக் குறையும் இருக்காது. அவர்கள் இழந்திருப்பது இரண்டு கண்களிலும் இடப்பக்கப் பார்வையை. அனுபவிப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மருத்துவருக்கோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு கண்ணில் மட்டும் என்றால் கோளாறு கண்ணிலோ பார்வை நரம்பிலோ இருக்கிறது. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் என்றால் அது மூளைக்குள். இதைப் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம், ஓர் உள்ளங்கை போதும். தொந்தரவு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்க வேண்டும், பிறகு மற்றதை. இந்தப் பத்து நொடி வேலையைச் செய்துவிட்டு வரும் நோயாளி நரம்பியல் மருத்துவரின் வேலையில் பாதியைக் குறைத்துவிடுகிறார். ஆனால் பதற்றத்தில் யாருக்கும் இது தோன்றுவதில்லை. தொந்தரவு நீங்கிய பிறகு நினைவிலிருந்து சொல்லும் பதிலை நம்பவும் முடிவதில்லை.

பக்கப் பார்வை போனவர்கள் பல நேரங்களில் அதை உணர்வதே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. இருட்டாகத் தெரிந்தால் கவனிப்பார்கள். அங்கே இருட்டுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. நம் முதுகுக்குப் பின்னால் இருட்டாகவா தெரிகிறது? அதைப் போலத்தான். எனவே அறிகுறி வேறு வேடத்தில் வருகிறது. கதவு நிலையில் இடது தோள் அடிக்கடி இடிக்கிறது. செய்தித்தாளில் வரியின் முதல் சொற்கள் விட்டுப்போகின்றன. இரு சக்கர வண்டி ஓட்டும்போது ஒரே பக்கமாகவே உரசல்கள் நேர்கின்றன. "வயதாகிவிட்டது, கவனம் போதவில்லை" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பின்மண்டையின் எந்தப் புள்ளி காட்சியின் எந்தப் புள்ளிக்குப் பொறுப்பு என்று முதலில் வரைபடம் போட்டது ஒரு போர். 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் புழங்கிய துப்பாக்கிகளின் குண்டு மெல்லியது, வேகமானது. மண்டையை ஒருபுறம் துளைத்து மறுபுறம் நேர்க்கோட்டில் வெளியேறிவிடும், ஆள் பிழைத்துக்கொள்வதும் உண்டு. தாட்சுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர், அப்படிப் பிழைத்த வீரர்களுக்கு ஓய்வூதியம் கணக்கிடுவதற்காகப் பார்வை இழப்பை அளந்துகொண்டிருந்தார். குண்டு நுழைந்த இடம், வெளியேறிய இடம், காணாமற்போன காட்சிப் பகுதி மூன்றையும் வைத்து, நடுப்பார்வைக்கு மூளையில் மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று 1909இல் எழுதினார். ஓய்வூதியக் கணக்கில் பிறந்த அந்த வரைபடத்தின் சாரம் இன்றைக்கும் செல்லும்.

கூட்டுச் சாலையில் நேரும் கோளாறு தனி வகை. பிட்யூட்டரி கட்டி கீழிருந்து மேலே தள்ளும்போது, தாண்டிப் போகும் இழைகள் நசுங்கி இரு ஓரங்களிலும் பார்வை போகிறது. குதிரைக்குக் கடிவாளத்தோடு கண்மறைப்புக் கட்டியது போன்ற நிலை. இது மாதக்கணக்கில் மெல்ல வரும். எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூட இவர்கள் படித்துவிடுவார்கள், நடுப்பார்வை நன்றாக இருப்பதால். மாதவிடாய் நின்றுபோவது, குழந்தை இல்லாத நேரத்தில் பால் சுரப்பது, மோதிரமும் செருப்பும் சிறுத்துப்போனதுபோல் கைகால் பெருப்பது ஆகியவற்றோடு பார்வைத் தொந்தரவும் சேர்ந்தால், கண்ணாடிக் கடையில் இனி வேலை இல்லை.

எந்தக் கண் என்பதற்கு அடுத்து நரம்பியல் மருத்துவர் கேட்பது எவ்வளவு நேரம் என்பது. நொடிகளா, நிமிடங்களா, மணிகளா, நாட்களா? நோயின் பெயர் பாதி இந்தப் பதிலிலேயே ஒளிந்திருக்கிறது.

நிமிடங்களிலிருந்து தொடங்குகிறேன். அது எனக்கே பழக்கமானது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லின் நடுவெழுத்து காணவில்லை. கண்ணைத் தேய்த்தேன். பக்கத்துச் சொல்லிலும் ஓட்டை விழுந்தது. ஐந்து நிமிடத்தில் அந்த ஓட்டையின் விளிம்பில் வெள்ளி நிறத்தில் ஒரு கோணல் மாணல் கோடு துடிக்க ஆரம்பித்தது. வளைந்து, பெருத்து, இடப்பக்க ஓரத்துக்கு நகர்ந்தது. இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் மறைந்துவிட்டது. பிறகு வலது பொட்டில் தலைவலி. எனக்கு வந்தது பக்கவாதம் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். முதலில் பார்த்த மருத்துவர், இரவெல்லாம் கண்விழித்துப் படித்தால் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு பேருமே தவறு. அது ஒற்றைத் தலைவலிக்கு முன்னோடியாக வரும் பார்வைத் தோற்றம்.

ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் தமக்கு வந்த அதே தோற்றத்தை ஓவியமாகத் தீட்டி 1870இல் வெளியிட்டார். அவருடைய தந்தை ஜார்ஜ் ஏரி, பிரிட்டனின் அரசு வானியலாளர். அவருக்கும் அது வந்திருக்கிறது, அவரும் அதற்கு ஐந்தாண்டு முன்பே எழுதிவைத்திருந்தார். கோட்டை மதிலின் கொத்தளங்களை மேலிருந்து பார்த்ததுபோல் இருந்தது மகனின் படம். 1941இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தமக்கு வந்த தோற்றம் எவ்வளவு வேகத்தில் பரவுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். அதை மூளையின் பார்வைப் பரப்போடு ஒப்பிட்டு, நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஏதோ ஒன்று மூளை மேல் ஊர்கிறது என்று கணக்கிட்டார். மூன்றே ஆண்டில், 1944இல், பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடீஸ் லெயாவ் முயலின் மூளையில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் பரவும் ஓர் அலையைக் கண்டார். நரம்பணுக்கள் ஒரு நொடி கொதித்தெழுந்து பிறகு அடங்கிக் கிடக்கும் அலை. அணுக்கள் கொதித்தெழும் முன்விளிம்பு மினுங்கும் கோடாகத் தெரிகிறது. அடங்கிய பகுதி ஓட்டையாகத் தெரிகிறது. ஒரு நோய் தன் வேகத்தை நோயாளியின் கண்ணெதிரே தானே எழுதிக்காட்டுவது மருத்துவத்தில் அரிது.

ஆக, இந்தத் தோற்றத்துக்கு ஒரு நடை இருக்கிறது: சிறிதாகத் தொடங்கும், நகரும், விரியும், ஐந்திலிருந்து அறுபது நிமிடத்துக்குள் போய்விடும். மினுக்கமும் இருக்கும், இழப்பும் இருக்கும். ஒரு கண்ணைப் பொத்தினாலும் மற்றதில் தெரியும். தலைவலி பின்தொடரலாம், தொடராமலும் போகலாம். இளம் வயதில் தொடங்கி இந்த நடை மாறாமல் வந்துகொண்டிருந்தால் பெரிய கவலை இல்லை. முதல் முறை வந்தபோது ஒரு தடவை நரம்பியல் மருத்துவரைப் பார்த்து உறுதிசெய்துகொண்டால் போதும். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வந்தால், ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், எப்போதும் ஒரே பக்கத்திலேயே வந்தால், கைகால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ கூட வந்தால், அந்த நிம்மதிக்கு இடமில்லை. இந்தத் தோற்றம் வரும் பெண்கள் புகைபிடிப்பவர்களாக இருந்தாலோ ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலோ பக்கவாத ஆபத்து கூடுகிறது. மாத்திரை எழுதித் தருபவரிடம் இதைத் தாமாகவே சொல்லிவிட வேண்டும். அவர் கேட்பார் என்று காத்திருக்கக்கூடாது.

பக்கவாதத்தின் நடையே வேறு. அது ஊர்ந்து வருவதில்லை; விளக்கை அணைத்ததுபோல் ஒரே கணத்தில் வந்துவிடும். மினுக்கம் இருக்காது, இழப்பு மட்டும். வலியும் பெரும்பாலும் இருக்காது. வலி இல்லாததால்தான் மக்கள் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுத்துவிடுகிறார்கள். ஒரு கண்ணின் மேல் திரை இறங்கியதுபோல் இருண்டு, சில நிமிடத்தில் திரை விலகிப் பார்வை திரும்பிவிட்டால், அது கழுத்து இரத்தக் குழாயில் படிந்த கொழுப்பிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து கண்ணின் தமனியை அடைத்துவிட்டு நகர்ந்ததாக இருக்கலாம். திரும்பிவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டிய நிகழ்ச்சி இல்லை. அடுத்த துணுக்கு மூளைக்குப் போகும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் மிக அதிகம். அடைப்பு விலகாமல் பார்வை போனதுபோனபடி இருந்தால், அது கண்ணில் நேர்ந்த பக்கவாதமே.

இந்த நிலையில் கண் மருத்துவரா நரம்பியல் மருத்துவரா என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. 108க்கு அழைத்து, பக்கவாதச் சிகிச்சை உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். முகம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது மூன்றும் பக்கவாதத்தின் அடையாளங்கள் என்று இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. திடீர்ப் பார்வை இழப்பும் திடீர்த் தள்ளாட்டமும் அந்த வரிசையில்தான் வரும் என்பது இன்னும் பரவவில்லை. பின்மூளைப் பக்கவாதம் முதல் சி.டி. ஸ்கேனில் தெரியாமல் நழுவிவிடுவதும் உண்டு. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் பாதிக் காட்சி திரும்பவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வயதானவர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. ஐம்பதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி, சீப்பு பட்டாலே தலைத்தோல் நோவது, முறுக்கை மெல்லும்போது தாடை வலித்து நிறுத்த வேண்டியிருப்பது, இவற்றோடு பார்வை மங்கினால் அது பொட்டுத் தமனி அழற்சியாக இருக்கலாம். நம் ஊரில் அரிதுதான். ஆனால் கவனிக்காமல் விட்டால் ஒரு கண்ணை எடுத்துக்கொண்டு சில நாட்களில் மற்றதையும் கேட்கும். மலிவான இரத்தப் பரிசோதனை ஒன்றே சந்தேகத்தைக் கிளப்பிவிடும். சந்தேகம் வந்த அன்றே ஸ்டீராய்டு தொடங்குகிறார்கள். உறுதியான முடிவுக்குக் காத்திருப்பதில்லை.

மணிகளிலிருந்து நாட்களாக வளரும் பார்வைக் குறைவு இன்னொரு கதை. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், பெரும்பாலும் பெண். ஒரு கண், கண்ணை அசைத்தால் வலி, இரண்டு மூன்று நாளில் மங்கல் கூடிக்கொண்டே போகிறது. குங்குமத்தை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்க்கச் சொன்னால், ஒரு கண்ணுக்கு அது வெளுத்துப்போன செங்கல் நிறமாகத் தெரிகிறது. பார்வை நரம்பில் அழற்சி. இதில் கண் மருத்துவர் உள்ளே எட்டிப்பார்த்தாலும் பல வேளைகளில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் வீக்கம் கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. நோயாளிக்கும் தெரியவில்லை, மருத்துவருக்கும் தெரியவில்லை என்று இதைப் பற்றிக் கண் மருத்துவர்களிடையே ஒரு பழைய கேலியே உண்டு. ஆனால் ஒரு டார்ச் விளக்கு காட்டிக்கொடுத்துவிடும். வெளிச்சத்தை ஒரு கண்ணிலிருந்து மற்றதற்கு மாற்றி மாற்றி அடித்தால், நோயுள்ள கண்ணின் மேல் வரும்போது சுருங்க வேண்டிய கண்மணி விரிகிறது. இந்த எளிய சோதனையைச் சொட்டு மருந்து போட்ட பிறகு செய்ய முடியாது. அவசரத்தில் முதலிலேயே சொட்டு மருந்து விட்டுவிடும் இடங்களில் இந்தத் தடயம் அழிந்துபோகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வெயிலில் அலைந்தாலோ வெந்நீரில் குளித்தாலோ பார்வை மங்கி, உடல் குளிர்ந்ததும் தெளிவது இதன் இன்னொரு அடையாளம். 1890இல் ஜெர்மானிய மருத்துவர் ஊட்ஹோஃப் குறித்துவைத்தது. நம் ஊர் வெயிலில் எல்லாவற்றையும் "சூடு" என்று சொல்லி விளக்கெண்ணெய் வைத்துவிடுவதால் இந்தக் குறிப்பு எளிதில் தொலைந்துவிடுகிறது.

மருந்துக் கடையில் தாமாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடுவதற்கு எதிராக இந்த நோயில் வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 1988இல் தொடங்கி 1992இல் முதல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், வழக்கமான அளவில் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்ப வருவது கூடியது. இரத்த நாளம் வழியாக உயர் அளவு மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. அதே நோயாளிகளைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து கவனித்தபோது, தொடக்க எம்.ஆர்.ஐ.யில் மூளையில் தழும்பு எதுவும் இல்லாதவர்களில் 25 சதவீதத்தினருக்கும், ஒன்றாவது இருந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கும் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்ற நரம்பு உறை நோய் வந்திருந்தது. கண் வலி என்று வந்தவரை நரம்பியல் பிரிவுக்கு அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது இதனால்தான். இந்தியாவில் இதற்கு இணையாகப் பார்க்க வேண்டிய வேறு இரண்டு உறை நோய்கள் இருக்கின்றன. அவற்றை இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள்களால் கண்டுபிடிக்கலாம். சிகிச்சை வேறுபடுவதால் அந்தப் பரிசோதனையை விலை அதிகம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டு கண்ணிலும் சேர்ந்து, வலியில்லாமல், வாரக்கணக்கில் நடுப்பார்வை மங்கினால் உடலுக்குள் என்ன போகிறது என்று பார்க்க வேண்டும். காசநோய்க்குத் தரும் எத்தாம்பியூட்டால் பார்வை நரம்பைத் தாக்கக்கூடியது. இந்தியாவில் தினசரி மருந்து முறை வந்த பிறகு, முன்பு முதல் இரண்டு மாதம் மட்டும் தரப்பட்ட இந்த மருந்து வழக்கமான ஆறு மாதச் சிகிச்சை முழுவதும் தரப்படுகிறது. காரணம் நியாயமானது, மருந்தை எதிர்க்கும் கிருமிகளின் அச்சம். ஆனால் பார்வையைக் கவனிக்க வேண்டிய காலமும் மூன்று மடங்காகிவிட்டது. சிவப்பும் பச்சையும் குழம்ப ஆரம்பித்தாலே, சிறுநீரகம் பலவீனமானவர்கள் என்றால் இன்னும் முன்னதாகவே, மருந்து தருபவரிடம் சொல்ல வேண்டும். எல்லா மாத்திரைகளையும் தானாக நிறுத்திவிடுவது காசநோயை வளர்க்கும் வழி. மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் அவர்கள் மாற்றித் தருவார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த விஷச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். அது உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கருக்குகிறது. பனிமூட்டத்துக்குள் நடப்பதுபோல் எல்லாம் வெளுத்துத் தெரிவது அதன் முதல் குரல். அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும் என்பதால், குடித்த இரவில் நன்றாக இருந்தவர் மறுநாள் பார்வை மங்கி வருகிறார். அந்த மங்கலைப் போதையின் மிச்சம் என்று தூங்கவைத்துவிட்டால் கண்ணோடு உயிரும் போகும்.

இனி நொடிகள். குனிந்து கோலம் போட்டு நிமிரும்போது சில நொடி இரண்டு கண்ணும் இருட்டி மீள்கிறது. எல்லோரும் இரத்தச் சோகை என்பார்கள். பல நேரம் அதுவாகவும் இருக்கும். ஆனால் எடை கூடிய இளம்பெண், தினமும் தலைவலி, காதுக்குள் நாடித்துடிப்போடு சேர்ந்து "உஷ், உஷ்" என்ற ஒலி என்று சேர்ந்துவிட்டால், மண்டைக்குள் நீர் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பருவுக்குத் தரும் சில மாத்திரைகளும் இதைக் கிளப்பும். கண் மருத்துவர் உள்ளே பார்த்தால் பார்வை நரம்பின் தலை வீங்கியிருப்பது தெரியும். அன்றே மூளை ஸ்கேன் எடுக்க அனுப்புவார். பிரசவமான சில வாரங்களில் கடும் தலைவலியோடு பார்வை மங்கினால் மூளையின் சிரைகளில் இரத்தம் உறைந்திருக்கும் சந்தேகம் முதலிடத்தில் வருகிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பத்தியம் அந்த உறைவுக்குத் துணைபோகும் வழக்கம்; தயங்காமல் கைவிட வேண்டியது.

நொடிகள் முதல் ஓரிரு நிமிடம் வரை, வண்ண வண்ண உருண்டைகளாக ஒரே பக்கத்தில், அடிக்கடி, அச்சு மாறாமல் வந்தால் அது பின்மூளையில் எழும் வலிப்பாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலியின் வெள்ளிக் கோடு மெதுவாக நகரும். இது நிறத்தோடு வந்து உடனே போகும்.

இரட்டையாகத் தெரிகிறது என்றால் மறுபடியும் உள்ளங்கைதான். ஒரு கண்ணைப் பொத்திய பிறகும் இரட்டையாகவே தெரிந்தால் புரையோ கருவிழிக் கோளாறோ கண்ணாடியோ. கண் மருத்துவர் போதும். எந்தக் கண்ணைப் பொத்தினாலும் ஒன்றாகிவிட்டால் கண்களை அசைக்கும் நரம்போ தசையோ பிசகியிருக்கிறது. காலையில் ஒன்றாகவும் மாலையில் இரண்டாகவும் தெரிந்து, இமையும் தொங்கினால் தசைக்குச் செய்தி போய்ச் சேரும் இடத்தில் கோளாறு. இமையின் மேல் இரண்டு நிமிடம் பனிக்கட்டி வைத்தால் இமை எழும்புவது அதற்கு ஒரு பழைய சோதனை. நீரிழிவுக்காரர்களுக்கு ஒரு நரம்பு மட்டும் செயலிழந்து சில மாதங்களில் தானே சரியாவதும் உண்டு. ஆனால் இமை தொங்கி, கண் வெளிப்பக்கம் ஒதுங்கி, கண்மணியும் விரிந்து, தலைவலியும் இருந்தால் மூளைத் தமனியில் புடைப்பு ஒன்று நரம்பை அழுத்துகிறது என்றே எண்ணி அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புடைப்பு வெடித்தால் அவகாசம் தராது.

இதுவரை சொன்னவற்றில் பயம் இருக்கிறது. இன்னொரு கூட்டம் இருக்கிறது, அங்கே பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். தூர்தர்ஷனில் ஒளிபரப்பு முடிந்தபின் திரையில் கொப்பளிக்குமே புள்ளிகள், அதுபோல் பார்வை முழுவதும் இரவும் பகலும் புள்ளிகள் தெரிவதாகச் சொல்லும் இளைஞர்கள் உண்டு. நகர்ந்துபோன பொருளின் நிழல் சற்று நேரம் நிற்கிறது, வெளிச்சம் கூசுகிறது என்றும் சொல்வார்கள். எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கும். பல காலம் இவர்களைக் கற்பனைக்காரர்கள் என்றே ஒதுக்கினார்கள். 2014இல்தான் "விஷுவல் ஸ்னோ" (பார்வைப் பனி) என்ற இதற்கென்று தனி வரையறை வகுக்கப்பட்டது. பார்வையைப் பறிக்காது, உறுதியான மருந்தும் இன்னும் இல்லை. நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே பாதி சிகிச்சையாக அமைவதை இங்கே பார்க்கலாம்.

புரையாலோ விழித்திரைத் தேய்வாலோ பார்வை குறைந்த பாட்டி ஒருத்தி, கூடத்தில் சின்னஞ்சிறு பெண்கள் பட்டுப்பாவாடையோடு வரிசையாகப் போகிறார்கள் என்கிறாள். சத்தம் போடுவதில்லை, இவளைக் கண்டுகொள்வதும் இல்லை. வீட்டில் மந்திரிக்க ஆள் தேடுவார்கள், அல்லது மனநல மருந்து தொடங்குவார்கள். சுவிட்சர்லாந்துக்காரர் சார்ல் பொன்னே 1760இல், தொண்ணூறை நெருங்கிய தம் பாட்டனாருக்கு இதேபோல் ஆட்களும் பறவைகளும் வண்டிகளும் தெரிந்ததை எழுதிவைத்தார். அவருக்கு அறிவு தெளிவாகவே இருந்தது, புரைதான் இருந்தது. கண்ணிலிருந்து செய்தி வராத மூளை தானே படம் போட்டுப் பார்த்துக்கொள்கிறது. பாட்டிக்கு அவை நிஜமில்லை என்று தெரிந்திருந்தால் பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை; புரையை எடுத்தால் போகவும் வாய்ப்புண்டு. நிஜம் என்றே நம்பினாலோ, மறதியும் நடுக்கமும் கூட இருந்தாலோ நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

ஐம்பதுகளில் இருக்கும் ஒருவர் மூன்றாவது முறையாகக் கண்ணாடி மாற்றியும் படிக்க முடியவில்லை என்கிறார். எழுத்து தெரிகிறது, வரி தொலைகிறது. மேசையில் எதிரே இருக்கும் சாவியைத் தேடுகிறார், மாடிப்படியில் கால் வைக்கத் தடுமாறுகிறார். கண் நூற்றுக்கு நூறு. மூளையின் பின்பகுதி சுருங்கும் நோய் ஒன்று இப்படித்தான் தொடங்குகிறது. ஃபிராங்க் பென்சன் 1988இல் விவரித்தது, பெரும்பாலும் அல்சைமர் நோயின் இன்னொரு முகம். நினைவாற்றல் நன்றாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கண்ணாடிக் கடைக்காரருக்குத்தான் லாபம்.

முதலில் கண் மருத்துவரிடம் போவதே சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். திடீரென்று மின்னல் வெட்டுகள், மிதக்கும் கரும்புள்ளிகளின் மழை, ஓரத்திலிருந்து நிழல் ஏறுவது என்றால் விழித்திரை கிழிந்திருக்கலாம். அதற்கு நரம்பியல் மருத்துவர் செய்யக்கூடியது ஏதுமில்லை, அன்றே கண் அறுவை மருத்துவர் வேண்டும். கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியோடு தலை வலித்தால் அது கண்ணின் அழுத்தம் ஏறிய கிளாக்கோமா. இதை ஒற்றைத் தலைவலி என்று வலிமாத்திரை கொடுத்து அனுப்பிப் பார்வை போனவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போதும் பார்வை மாறும். கண்ணாடி மாற்றுவதற்கு முன் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

இரண்டு துறைக்கும் நடுவில் நிற்பவர்கள் நரம்புக் கண் மருத்துவர்கள். எண்ணிக்கையில் குறைவு. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலிருந்து சென்னை அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு கூப்பிடு தூரம்தான். சின்ன ஊர்களில் இந்த வசதி இல்லை. அங்கே கண் மருத்துவரிடமே "பார்வைப் புலப் பரிசோதனை செய்து, நரம்பியல் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

போகும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். எந்தக் கண், பொத்திப் பார்த்தபோது என்ன ஆனது, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, நகர்ந்ததா நின்ற இடத்திலேயே நின்றதா, சாப்பிடும் மருந்துகளின் பெயர்கள். தெரிந்ததை ஒரு படமாகக் கிறுக்கியும் வைக்கலாம். நான் அச்சுப்படியின் ஓரத்தில் சிவப்பு மையால் போட்ட கோணல் கோட்டைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது மருத்துவர், "இது எத்தனை நிமிடம் நகர்ந்தது?" என்று கேட்டார்.